புன்னைக்காயலும் இங்கிலீஷ் பாராவும்

பொதிகையில் பிறந்து, திருநெல்வேலிச் சீமையின் வயல்களை எல்லாம் பச்சையாக்கிவிட்டு, தாமிரபரணி கடைசியில் மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். வள்ளங்களும் வலைகளும் நிறைந்த கடலோடிகளின் ஊர். ஆற்றின் பிரயாணம் இங்கே முடிகிறது. ஆனால் அந்நிய பாஷை ஒன்றை மனிதன் எவ்வாறு கற்றுக்கொள்ள வேண்டும் என்ற விஷயத்தில், சுமார் நானூற்றெழுபது வருஷங்களுக்கு முன்னால் இந்தக் கரையில் ஒரு நல்ல ஆரம்பம் நடந்தது. இன்று இங்கிலீஷ் எழுதத் தடுமாறும் நம் குழந்தைகளுக்கு அதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கும் என்பது நம்முடைய அபிப்பிராயம்.

தமிழ்நாட்டின் சர்க்கார் பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் முதல் வகுப்பிலிருந்தே இங்கிலீஷ் படிக்கிறார்கள். 2022-ம் வருஷத்தில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் தமிழோடும் கணக்கோடும் இங்கிலீஷும் சேர்ந்தே இருக்கிறது. எழுத்துக் கூட்டிச் சொல் படித்து, சொல் சேர்த்து வாக்கியம் எழுதி, பத்துப் பதினொரு வயதில் குழந்தைகள் ஓர் உயரமான படிக்கட்டின் முன் வந்து நிற்கிறார்கள். அதற்குப் பள்ளிக்கூடத்துப் பெயர் ‘பாரா’. ஒரே விஷயத்தைப் பற்றித் தொடர்ச்சியாக ஐந்தாறு வாக்கியங்கள் எழுதவேண்டும். தனி வாக்கியம் எழுதத் தெரிந்த குழந்தையும் இங்கே திகைத்து நின்றுவிடுகிறது. அதைத் தூக்கிவிட நாம் எங்கும் கையாளும் உபாயம் ஒன்றே ஒன்றுதான். அது மனப்பாடம்.

வயல் இல்லாத ஊரில் வயல்

கடற்கரைக் கிராமம் ஒன்றில் ஆறாம் வகுப்பு நோட்டுக்களை ஒரு சமயம் நாம் பார்வையிட்டோம். ‘என் கிராமம்’ என்ற தலைப்பில் பிள்ளைகள் இங்கிலீஷில் ஒரு பாரா எழுதியிருந்தார்கள். முதல் நோட்டில், கிராமத்தைச் சுற்றிப் பசுமையான நெல் வயல்கள் இருந்தன, குடியானவர்கள் ஏர் உழுதார்கள், பசுக்கள் மேய்ந்தன. இரண்டாவது நோட்டிலும் அதே வயல், அதே ஏர், அதே பசுக்கள். முப்பது நோட்டிலும் முப்பது வயல்! ஜன்னலுக்கு வெளியே பார்த்தாலோ மணலும் கடலும் உலர்கிற வலைகளுமே கண்ணுக்குத் தெரிந்தன. கடைவீதியில் விற்கும் உரைநூலில் அச்சாகியிருந்த பாராவைப் பிள்ளைகள் ஒரு புள்ளி பிசகாமல் ஒப்புவித்திருந்தார்கள். அந்த உரைநூலில் இருந்த ஓர் எழுத்துப் பிழையும் முப்பது நோட்டிலும் பத்திரமாக இருந்தது.

சிரிக்கத்தக்க விஷயந்தான். ஆனால் சற்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். ‘உன் ஊரைப் பற்றி எழுது’ என்று கேட்டதற்கு, ‘என் ஊர் எழுதத்தக்கதல்ல, இங்கிலீஷில் எழுதத்தக்க ஊர் வேறொன்று உண்டு’ என்று அந்தக் குழந்தை பதில் சொல்லிவிட்டது. இந்தப் பதிலை நாம் அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

இன்னோர் உதாரணம் பாருங்கள். 2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தாமிரபரணிக் கரையில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் முதலிய ஊர்கள் வெள்ளத்தில் தத்தளித்தன. ஏரல் பாலம் உடைந்தது. அந்த இரவைக் கண்ணால் கண்ட குழந்தைகள் இன்று இந்தப் பக்கத்து வகுப்புக்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் ‘ஒரு மழை நாள்’ என்று பாரா எழுதச் சொன்னால், மேகம் கறுத்ததையும், மயில் ஆடியதையும், குடை பிடித்துப் பள்ளிக்கூடம் போனதையும் எழுதுகிறார்கள். சொல்லவேண்டிய செய்தி நெஞ்சில் நிறைய இருக்கிறது. எழுதும் கை வேறு யாரோ பார்த்த மழையை எழுதிக்கொண்டு போகிறது.

சவேரியாரும் ஒரு சொல்லும்

இனிப் புன்னைக்காயல் கதைக்கு வருவோம்.

பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரு பாஷையும் ஓரளவு அறிந்த சிலரைக் கொண்டு, ஜபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு ஊர் ஊராகச் சென்று சொல்லிக் கொடுத்தார். அவருடைய உழைப்பு அபாரமானது. ஆனால் மனப்பாடத்தின் ஆபத்தை அவரே சீக்கிரம் கண்டுகொண்டார். ‘விசுவசிக்கிறேன்’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் புகுந்திருந்தது. நம்புகிறவனுடைய வாக்கு, கேட்டு வாங்குகிறவனுடைய வாக்காக மாறிவிட்டது. அதைத் திருத்திச் சொல்லும்படி மன்சிலாஸ் என்ற தம் சகாவுக்குச் சவேரியார் கடிதம் எழுதினார். பொருள் தெரியாமல் நெட்டுருப் போட்டதில் பெரிய மகானுக்கே இப்படி நேர்ந்ததென்றால், பத்து வயதுப் பையனைக் குறை சொல்வானேன்?

அவருக்குப் பின்னால் வந்தவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார். பழைய தமிழ் அச்சுப் புத்தகத்தில் இவருடைய பெயர் ‘அண்டிறீக்கிப் பாதிரியார்’ என்று காணப்படுகிறது. இவரும் ஆரம்பத்தில் துபாஷியை வைத்துக்கொண்டுதான் பேசினார். பிறகு அது போதாதென்று கண்டு, வேறு வழியில் இறங்கினார். ஜனங்கள் பேசுவதைக் கவனித்தார். வினைச்சொல் எப்படி மாறுகிறது, வேற்றுமை எப்படிச் சேருகிறது, வாக்கியம் எப்படி முடிகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். தமக்குத் தெரிந்த லத்தீன், போர்ச்சுகீசிய இலக்கணங்களோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தார். தமக்கு முன்பே தெரிந்த பாஷையைப் படிக்கட்டாக வைத்துக்கொண்டு தெரியாத பாஷைக்கு ஏறினார். துபாஷி இல்லாமலே தமிழில் பேசும் திறமை அவருக்கு வந்தது. 1549-ம் வருஷத்தை ஒட்டி, போர்ச்சுகீசிய பாஷையில் தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் நகரத்து நூல் நிலையத்தில் இருந்து, 1982-ல் அச்சேறியது. 2013-ல் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் வெளிவந்தது.

பிறர் வாக்கை ஒப்புவிப்பதிலிருந்து சொந்த வாக்கை எழுதும் நிலைக்கு வந்த மனிதர் என்ன செய்தார்? 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்கப் புத்தகத்தைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். 1586-ல் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட ‘அடியார் வரலாறு’ வெளியாயிற்று. இது அச்சானது புன்னைக்காயலிலேயே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. பதினாறு பக்கத்திலிருந்து அறுநூறு பக்கத்துக்கு! 1600-ல் அவர் காலமானார்; தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் வந்த காரியம் மத சம்பந்தமானது. அதைப் பற்றி நேயர்கள் எந்த அபிப்பிராயமும் கொள்ளலாம். பாஷை கற்ற விதத்தில் மட்டும் அவர் உபாத்தியாயர்களுக்கு உபாத்தியாயர்.

பாரா என்பது யாது?

‘பாரா’ என்று நாம் சுருக்கிச் சொல்லும் சொல் கிரேக்க பாஷையிலிருந்து வந்தது. பழைய கிரேக்கச் சுவடிகளில் ஒரு பொருள் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில், வரியின் ஓரத்தில் ஒரு சிறு கோடு இழுப்பார்கள். அந்தக் கோட்டின் பெயரே பிறகு பகுதிக்கும் பெயராயிற்று. நம்முடைய பனையோலைச் சுவடிகளில் அத்தகைய கோடும் இல்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. ‘தம்பிரான் வணக்க’த்தின் அச்சிலேகூட மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. படிப்பவர் பொருளறிந்து தாமே பிரித்துக்கொள்ள வேண்டும்.

பாராவுக்கு விதிகள் வகுத்தவர்களில் முக்கியமானவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் பெய்ன் என்ற பேராசிரியர். 1866-ல் அவர் எழுதிய நூலின் சாரத்தைக் குழந்தைக்குச் சொல்வதானால் மூன்று வார்த்தையில் சொல்லலாம். பாராவின் பொருள் ஆரம்பத்திலேயே தெரியவேண்டும். எல்லா வாக்கியங்களும் அந்த ஒரே பொருளைப் பற்றியிருக்க வேண்டும். ஒன்றின்பின் ஒன்றாக முறையோடு வரவேண்டும். மாலையில் பல பூக்கள் இருந்தாலும் நார் ஒன்றுதானே?

இதில் நம் குழந்தைகளுக்குத் தனிப்பட்ட சிரமம் ஒன்று உண்டு. தமிழில் வினையெச்சம் என்ற அற்புதமான கயிறு இருக்கிறது. ‘அப்பா விடியுமுன் எழுந்து, வலையை எடுத்து, வள்ளத்தைத் தள்ளி, கடலுக்குப் போய், மீன் பிடித்து, கரைக்கு வந்து, ஏலம் விட்டு, வீடு திரும்பினார்’ என்று ஒரு நாள் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவிடலாம். இங்கிலீஷில் இப்படிக் கட்ட முயலும் குழந்தை, எச்சம் வரும் இடமெல்லாம் ‘அண்ட்’ போடுகிறது. உபாத்தியாயர் அதன்மேல் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் திணிக்காதே’ என்கிறார். ஏன் என்று குழந்தைக்குப் புரிவதில்லை. ‘தமிழில் ஒரே கயிற்றில் கட்டுவதை இங்கிலீஷில் துண்டு துண்டாக வெட்டி வரிசையாக அடுக்கவேண்டும், அந்த வரிசைக்குத்தான் பாரா என்று பெயர்’ என்று சொல்லிக் காட்டினால் குழந்தையின் முகம் மலர்வதைப் பார்க்கலாம். அண்டிறீக்கிப் பாதிரியார் இரண்டு பாஷைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாரே, அந்த வேலையையே இங்கே குழந்தை செய்கிறது.

வகுப்பில் செய்யும் முறை

நாம் வகுப்பில் அனுசரித்துப் பலன் கண்ட முறையை விவரமாகச் சொல்லுகிறோம். இதற்கு யந்திரமோ பெரிய செலவோ வேண்டியதில்லை. கரும்பலகையும் பழைய காகிதமும் போதும்.

முதலில் பேச்சு, அதுவும் தமிழில். ‘அப்பாவின் வேலை’ என்று விஷயத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு குழந்தையும் ஒரு செய்தி சொல்லவேண்டும். ‘எங்க அப்பா ராத்திரி ரெண்டு மணிக்கே எந்திரிச்சிருவாக, சார்’ என்று ஒருவன் ஆரம்பிப்பான். ‘கச்சான் காத்து பலமா அடிச்சா கடலுக்குப் போகமாட்டாக’ என்பாள் ஒருத்தி. ‘சில நாள் பாடு ஒண்ணும் இருக்காது’, ‘வலையில ஓட்டை விழுந்தா ஒரு நாள் பூரா உக்காந்து பொத்துவாக’, ‘எங்க வீட்டுல ஒரு வெள்ளாட்டுக் குட்டி இருக்கு’ என்று செய்திகள் குவியும். எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிட வேண்டும். வெள்ளாட்டுக் குட்டியையும் விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது, நார் தேடுதல். ‘இத்தனை செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால் என்ன தெரிகிறது?’ என்று கேட்கவேண்டும். சற்று நேரம் வகுப்பு மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தை உபாத்தியாயர் கலைக்கக் கூடாது. கடைசியில் யாராவது ஒரு குழந்தை, ‘மீன் பிடிக்கது கஷ்டமான வேலை, சார்’ என்று சொல்லும். அதுவே தலை வாக்கியம். அதைப் பலகையின் உச்சியில் எழுதி அடிக்கோடு இடவேண்டும்.

மூன்றாவது, வேண்டாததை நீக்குதல். இந்தத் தலை வாக்கியத்தோடு வெள்ளாட்டுக் குட்டி சேருமா? சேராது என்று வகுப்பே தீர்ப்புச் சொல்லும். ஆட்டுக்குட்டிக்காக வாதாடும் குழந்தையும் இருக்கும். ‘எங்கள் வீட்டில் எல்லாரும் உழைக்கிறோம்’ என்று தலை வாக்கியத்தை மாற்றினால், ஆடு வளர்க்கும் அம்மாவும் வந்துவிடுவாள், ஆட்டுக்குட்டியும் வந்துவிடும் என்று காட்டலாம். பொருள் ஒருமை என்ற கடினமான விதி, ஓர் ஆட்டுக்குட்டியின் தயவினால் விளங்கிப்போகிறது.

நான்காவது, வரிசை. மிஞ்சிய செய்திகளைக் காகிதத் துண்டுகளில் எழுதி, நால்வர் கொண்ட ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கட்டுக் கொடுத்து, அடுக்கச் சொல்லவேண்டும். ஒரு கூட்டம் நேரத்தை அனுசரித்து அடுக்கும். ஒரு கூட்டம் சிறிய கஷ்டத்திலிருந்து பெரிய கஷ்டத்துக்குப் போகும். ஏன் அப்படி அடுக்கினாய் என்று காரணம் கேட்கவேண்டும். காரணம் சொல்லும் அடுக்கு எதுவானாலும் சரியானதே.

இதற்குப் பிறகுதான் இங்கிலீஷ். அதுவரை தமிழில் நடந்த வேலை முழுவதும் பாரா எழுதும் வேலையே. இப்போது குழந்தைக்குத் தேவை சில சொற்கள் மட்டும். வலை, காற்று, கிழிந்தது, பொத்துவது ஆகியவற்றுக்கு இங்கிலீஷில் என்ன என்று அதுவே ஆவலோடு கேட்கும். கேட்டு வாங்கிய சொல் மறப்பதில்லை. முடிவில் நோட்டில் எழுந்து நிற்பது இவ்வளவுதான்: ‘ஃபிஷிங் இஸ் ஹார்டு வொர்க். மை ஃபாதர் கெட்ஸ் அப் அட் டூ. ஹீ டஸ் நாட் கோ வென் தி விண்ட் இஸ் ஸ்ட்ராங். ஸம் டேய்ஸ் ஹீ கேட்சஸ் நத்திங். தென் ஹீ ஸிட்ஸ் அண்ட் மெண்ட்ஸ் தி நெட்.’ ஐந்தே வாக்கியம். ஆனால் இது உரைநூலில் இல்லை, இங்கிலாந்திலும் இல்லை. இந்தக் குழந்தையிடம் மட்டுமே உண்டு.

நியூஸிலாந்தில் ஸில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை, மவோரிக் குழந்தைகளுக்கு அவரவர் வாழ்க்கையிலிருந்து எழுந்த சொற்களையே முதல் பாடமாக வைத்துப் படிப்பித்தார். தம் அனுபவத்தை 1963-ல் புத்தகமாகவும் வெளியிட்டார். கானடா தேசத்து ஜேம்ஸ் கம்மின்ஸ் என்ற அறிஞர், தாய்மொழியில் நன்றாக வளர்ந்த படிப்புத் திறமை இரண்டாம் பாஷைக்கும் கைகொடுக்கும் என்று 1979-ல் விளக்கினார். இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் வாயிலிருந்து வந்தால் அபராதம் விதிக்கும் பள்ளிக்கூடங்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

சிவப்பு மை

பிழை திருத்துவதில் ஒரு நிதானம் தேவை. குழந்தையின் பிழைகளில் அநேகம் சோம்பலால் வருபவை அல்ல. தமிழின் நியாயத்தால் வருபவை. தமிழில் வினை கடைசியில் நிற்கும். ஆகையால் ‘மை ஃபாதர் ஃபிஷ் கேட்ச்சஸ்’ என்று எழுதுகிறது. தமிழில் ‘கடலில், கடலுக்கு, கடலிலிருந்து’ என்று உருபு சொல்லின் பின்னால் ஒட்டும். இங்கிலீஷில் அது தனிச் சொல்லாக முன்னால் வரும். ‘தி’ என்ற சொல்லுக்குத் தமிழில் ஈடே இல்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமும் இல்லை. போகிறேன், போகிறாய், போகிறார் என்று ஆளுக்கு ஆள் மாறும் வினையைப் பழகிய குழந்தைக்கு, இங்கிலீஷில் ‘ஹீ’, ‘ஷீ’ முதலியவற்றுக்கு மட்டும் ஓர் ‘எஸ்’ வால் முளைப்பது விசித்திரமாகத் தோன்றுவதில் வியப்பென்ன?

ஒரு வாரத்துக்கு ஒரு பிழை என்று வைத்துக்கொண்டு திருத்துவது நலம். இந்த வாரம் வினையின் இடம் என்றால், அதை மாத்திரம் குறித்துவிட்டு மற்றவற்றை அடுத்த வாரத்துக்கு விடவேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சிவப்பாக்கினால், குழந்தை ஒரே ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்ளும்: ‘இனிச் சொந்தமாக எழுதக் கூடாது.’ திருத்துமுன் இன்னொரு காரியமும் உண்டு. எழுதியதைக் குழந்தை உரக்கப் படிக்க, வகுப்புக் கேட்கவேண்டும். ‘பாடு இல்லாத நாள் என்ன சாப்பிடுவீங்க?’ என்று இன்னொரு குழந்தை கேட்டால், அடுத்த வாக்கியம் தானே பிறந்துவிடும். பாராவை வளர்ப்பது கேட்பவனுடைய ஆவல்.

பரீட்சை என்ன ஆகும்?

‘இதெல்லாம் கேட்க நன்றாயிருக்கிறது. பரீட்சைக்கு மனப்பாடந்தானே மார்க்கு வாங்கித் தருகிறது?’ என்று பெற்றோர் கேட்பது நியாயமே. உப்புக் காற்றில் உழைத்துச் சம்பாதித்த பணத்தைப் பிள்ளையின் இங்கிலீஷுக்காகச் செலவு செய்கிறவர்கள், பலனை எதிர்பார்ப்பது தவறல்ல. நெட்டுருப் போட்ட பாரா, எதிர்பார்த்த கேள்வி வந்தால் மார்க்கு வாங்கித் தரும் என்பதும் உண்மையே. ஆனால் கேள்வி ஒரு வார்த்தை மாறினால் அது உதவாது. பரீட்சை மண்டபத்துக்கு வெளியே அதற்கு உபயோகம் சிறிதும் இல்லை. படகுக்குக் கடன் கேட்டு விண்ணப்பம் எழுதவும், கப்பலில் வேலைக்குப் போன இடத்தில் நடந்ததை மேலதிகாரிக்குத் தெரிவிக்கவும், காணாமற்போன வள்ளத்தைப் பற்றித் தூரதேசத்து அதிகாரிக்கு விவரம் சொல்லவும் உரைநூலில் பாரா கிடைக்காது. தன் செய்தியைத் தானே முறைப்படுத்திச் சொல்லத் தெரிந்தவனுக்கே அப்போது பாஷை துணை நிற்கும். ஐந்து வாக்கியம் சொந்தமாக எழுதப் பழகிய பிள்ளை பரீட்சையிலும் பின்தங்குவதில்லை என்பது நாம் வகுப்பில் கண்ட அனுபவம்.

நேரம் போதாது என்பது உபாத்தியாயர்கள் சொல்லும் ஆட்சேபம். வாரத்துக்கு ஒரு பாரா போதும். பள்ளி வருஷத்துக்குள் முப்பது பாரா ஆகிவிடும். முப்பது பிள்ளைகள் ஒரே வயலைப் பற்றி எழுதுவதைக் காட்டிலும், ஒரு பிள்ளை முப்பது விஷயங்களைப் பற்றி எழுதுவது எவ்வளவோ மேல் அல்லவா?

தேசாபிமானம் உள்ளவர்களுக்கு மூன்றாவது சந்தேகம் தோன்றலாம். நம் குழந்தைகள் இங்கிலீஷ் எழுதுவதற்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா? இதற்கு இந்தச் சீமையே பதில் சொல்லுகிறது. இங்கிலீஷ் சர்க்காரை எதிர்த்துக் கப்பல் விட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை, இங்கிலீஷில் ஜேம்ஸ் ஆலன் எழுதிய நூல்களைத் தமிழில் தந்தார். பாஷையை அவர் பகைக்கவில்லை. அதன் முன் பணியவும் இல்லை. மறுபுறம், சாயர்புரத்தில் இருந்து உழைத்த போப் பாதிரியார், திருக்குறளை 1886-ல் இங்கிலீஷில் வெளியிட்டார். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார், 1856-ல் திராவிட பாஷைகளின் ஒப்பிலக்கணத்தை எழுதினார். அந்நிய பாஷை தெரிந்தவர்கள் செய்த காரியங்கள் இவை. தன் பாஷையில் கால் ஊன்றியவனுக்குப் பிற பாஷை ஓர் ஆயுதம். கால் ஊன்றாதவனுக்கு அது ஒரு சுமை. வயலில்லாத ஊரில் வயல் இருப்பதாக எழுதும் குழந்தையின் தலையில் நாம் ஏற்றியிருப்பது சுமையே.

இந்தக் காரியத்தில் வீட்டாருக்கும் பங்கு உண்டு. அதற்கு அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியவேண்டிய அவசியம் இல்லை. இரவு சாப்பாட்டு வேளையில், ‘ஏலே மக்கா, இன்னைக்கு என்னத்தப் பார்த்த? ஒழுங்காச் சொல்லு’ என்று தாயோ பாட்டியோ கேட்டால் போதும். குழந்தை சொல்லும்போது நடுவில் குறுக்கிடாமல் கேட்டு, முடிந்ததும் ‘அப்புறம்?’ என்று ஒரு கேள்வி கேட்கவேண்டும். எது முதலில், எது பின்னால், எதை விடலாம், எதை விடக்கூடாது என்று குழந்தையின் மனம் தானே அடுக்கத் தொடங்கும். அப்படி அடுக்கிய ஐந்து வாக்கியங்களைக் காலையில் பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வந்தால், அவற்றை இங்கிலீஷாக்கும் பொறுப்பை உபாத்தியாயர்களாகிய நாம் ஏற்றுக்கொள்ளுகிறோம்.